கீலுக்குக் கதவுச் சுங்கம்

முன்னொரு காலத்தில், சரக்குக்குச் சுங்கம் வாங்கிக்கொண்டு அதைக் கொண்டுவந்த ஆளுக்கு ஒரு செம்பு மோரும் கொடுத்தனுப்பிய நல்ல காலத்தில், ஒரு கடற்கரை நாட்டை வீரகேது மகாராஜா ஆண்டுவந்தார். எந்த நாடு என்று மட்டும் கேட்காதீர்கள். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரர் யாராவது எழுந்து, "எங்கள் ராஜா அப்படிப்பட்டவர் இல்லை" என்று சண்டைக்கு வருவார். பிறகு கதை எங்கே நகரும்?

மகாராஜா நல்லவர்தான். ஆனால் இரண்டு காரியங்களில் மட்டும் அவரிடம் யாரும் வாய் திறக்க முடியாது. ஒன்று தூக்கம். இன்னொன்று சனிக்கிழமை எண்ணெய்க் குளியல். அந்தக் காலத்துக் கதவெல்லாம் குடுமிக் கதவு. மேலும் கீழும் மரக்குடுமி வைத்து, குழியில் நிறுத்திச் சுழல விடுவார்கள். திறந்தால் ஒரு கிறீச், மூடினால் ஒரு கிறீச். மகாராஜா படுத்துக் கண்ணை மூடினால் போதும், அரண்மனையின் ஏதோ ஒரு மூலையில் கதவு கத்தும். பொறுத்துப் பொறுத்துப் பார்த்தவர், "இனி அரண்மனையில் குடுமிக் கதவே கூடாது. கடல் தாண்டி வருகிற இரும்புக் கீல் வைத்துக் கதவு மாட்டுங்கள்" என்று உத்தரவு போட்டுவிட்டார்.

ராஜா செய்வதை ஊர் செய்யாமல் இருக்குமா? எல்லா வீட்டிலும் கீல் வைத்த கதவு வந்தது. கதவுக்குக் கீல், கீலுக்கு ஆணி, கதவைப் பூட்டக் கொண்டி, ஊஞ்சலுக்குக் கொக்கி, வண்டிக்குக் கடையாணி என்று சில்லறை இரும்புச் சாமான் மூட்டை மூட்டையாகத் துறைமுகத்தில் வந்து இறங்கியது.

அந்த வருஷம் சித்திரை பிறந்ததும், வழக்கம்போல் சுங்க மந்திரி அகோரமூர்த்தி சபையில் எழுந்து நின்று எந்தெந்தச் சரக்குக்கு எவ்வளவு சுங்கம் என்று வாசித்தார். பட்டு, பாக்கு, ஏலம் வரையில் மகாராஜா கேட்டுக்கொண்டிருந்தார். இரும்பு வந்ததும் ஆரம்பித்தது வினை.

"தலை உருண்ட ஆணி. தலை தட்டையான ஆணி. தலையே இல்லாத ஆணி. நீண்ட ஆணி. நீண்டு வளைந்த ஆணி. வளையாவிட்டாலும் வளையக்கூடிய ஆணி..."

மகாராஜாவுக்கு அப்போதுதான் கண் சொக்கியது. அந்தச் சுகமான நேரத்தில், "ஆணி!" என்று மந்திரி ஒரு தடவை உரக்கச் சொன்னதும் தூக்கிவாரிப் போட்டது.

"நிறுத்துங்கள்! இந்த ஆணி எங்கேதான் போகிறது?" என்றார்.

"படகில் அடிக்கப் போகிறது, மகாராஜா."

"கீல்?"

"கதவுக்குப் போகிறது."

"அப்படியானால் ஆணியைப் படகோடு சேர்த்துவிடுங்கள். கீலைக் கதவோடு சேர்த்துவிடுங்கள். எது எங்கே போகிறதோ, அதற்கு அதன் சுங்கம்! இனிமேல் இந்தச் சில்லறைச் சாமான்களின் பெயர் என் காதில் விழக் கூடாது."

பாதித் தூக்கத்தில் சொன்ன சொல். வேறு மந்திரியாக இருந்தால், "ஆகட்டும் மகாராஜா" என்று சொல்லிவிட்டு, வெளியே போய் நியாயமாக ஏதோ செய்திருப்பார். அகோரமூர்த்தி அப்படிப்பட்டவர் இல்லை. அவருடைய மைத்துனன் கனகசபைக்குக் கடைத்தெருக் கோடியில் ஒரு கிட்டங்கி உண்டு. அதன் உள்ளே கூரை முட்ட ஆணியும் கீலும் வாங்கி அடுக்கி வைத்துக்கொண்டு, எப்போது விலை ஏறும் என்று இருவரும் காத்திருந்தார்கள். வெளியே மட்டும், "அது வெறும் தவிட்டு மூட்டை" என்று பேச்சு. தூக்கக் கலக்கத்தில் விழுந்த இந்த உத்தரவு அவர்களுக்குக் கரும்பாக இனித்தது.

மறுநாள் சுங்கச்சாவடியில் புதுச் சட்டம். ஒரு கீல் வந்தால் ஒரு முழுக் கதவுக்கு உண்டான சுங்கம். ஓர் ஆணி வந்தால் ஒரு படகுக்கு உண்டானது. கடையாணி என்றால் வண்டி. கொக்கி என்றால் ஊஞ்சல், அதுவும் தேக்கு ஊஞ்சல்.

கொஞ்ச நாளில் ஊர் சிரிப்பாய்ச் சிரித்தது. வெளியூர் இரும்பு வருவது நின்றுபோனது. கனகசபையோ, "கொஞ்சம்தான் இருக்கிறது, வீட்டு உபயோகத்துக்கு வைத்திருந்தேன்" என்று முனகிக்கொண்டே பத்து மடங்கு விலைக்கு ஒன்றிரண்டு விற்றான். வாங்க முடியாதவர்கள் கதவைக் கயிற்றால் கட்டினார்கள். விருந்தாளி வந்தால் முடிச்சை அவிழ்த்து உள்ளே விடுவதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிடும். ஊஞ்சலைக் கயிற்றில் தொங்கவிட்ட ஒரு வீட்டில், மாப்பிள்ளை அழைப்பன்றைக்குச் சம்பந்தியே பொத்தென்று கீழே விழுந்தார். கடையாணிக்குப் பதில் வேப்பங்குச்சி செருகிய மாட்டு வண்டி ஒன்றின் சக்கரம் கழன்று, வண்டிக்கு முன்னால் சந்தைக்குப் போய்ச் சேர்ந்தது. வண்டிக்காரன் சக்கரத்தைத் திட்டிக்கொண்டே பின்னால் ஓடினான்.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் உலகம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை.

உலகம்மாள் சொந்தப் படகு வைத்து வியாபாரம் செய்கிறவள். தைரியசாலி, வாய்க்காரி. இந்தச் சட்டம் வருவதற்கு முன்பே கடல் தாண்டிப் போய், கையில் இருந்த வளையலை எல்லாம் விற்று, ஒரு படகு நிறைய ஆணியும் கீலும் கொக்கியும் வாங்கிக்கொண்டு இப்போதுதான் திரும்பினாள். துறைமுகத்தில் இறங்கியதும் சுங்கச் சேவகன் பெட்டிகளைத் திறந்து பார்த்தான். பார்த்துவிட்டு, "அம்மா, நீங்க நாலாயிரம் படகு கொண்டாந்திருக்கீக" என்றான்.

"ஏலே, வெயில்ல நின்னு நின்னு உனக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டா? என்கிட்ட இருக்கது ஒரு படகு. அதுவும் ஓட்டைப் படகு!"

"படகுக்குள்ள ஆணி இருக்குல்லா? ஆணிக்கு ஒரு படகு கணக்கு. எனக்கு என்னம்மா தெரியும், மேல சொல்லுதாக, நான் எழுதுதேன்."

சரக்கும் போயிற்று, சரக்கைச் சுமந்து வந்த படகும் போயிற்று. இரண்டையும் சாவடியில் பிடித்து வைத்துக்கொண்டார்கள். "வருகிற ஞாயிற்றுக்கிழமைக்குள் சுங்கம் கட்டாவிட்டால் ஏலம்" என்று தண்டோரா போட்டார்கள். ஏலம் எடுக்க வரப்போகிற ஒரே ஆள் கனகசபை என்பது சிறு பிள்ளைக்குக்கூடத் தெரியும். போதாக்குறைக்கு உப்புக்காற்று. திறந்த பெட்டிகளில் கீல்கள் செம்பட்டை நிறம் ஏறத் தொடங்கின. உலகம்மாள் முந்தானையால் ஒவ்வொன்றாகத் துடைத்துப் பார்த்தாள். எத்தனையைத் துடைப்பாள்? நேரே எழுந்து ஆவுடையப்பன் வீட்டுக்கு நடந்தாள்.

ஆவுடையப்பன் யார் என்று இன்னும் சொல்லவில்லை அல்லவா? மகாராஜாவின் சபையில் விகடம் பேசுவதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர். ஒல்லி உடம்பு, பெரிய மூக்கு, எதைச் சொன்னாலும் அப்பாவி போன்ற முகம். அந்த முகத்தைப் பார்த்தாலே அகோரமூர்த்திக்குப் பற்றிக்கொண்டு வரும். தான் ஒரு மணி நேரம் பேசினாலும் கொட்டாவி விடுகிற மகாராஜா, ஆவுடையப்பன் தும்மினால்கூடச் சிரிக்கிறாரே என்ற வயிற்றெரிச்சல்.

"அண்ணாச்சி, நான் யாருகிட்டயும் கை நீட்டினவ இல்ல" என்று ஆரம்பித்த உலகம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். வாய்க்காரி அழுதால் பார்க்கவே சகிக்காது. "அந்தப் படகு போச்சுன்னா நான் கரையில உக்காந்து அடுத்தவுக படகை எண்ண வேண்டியதுதான். என் சரக்கு என் கண்ணு முன்னாலயே துருப்பிடிக்கு அண்ணாச்சி. வயிறு எரியுது."

"அழாத தாயி. நாளைக்குச் சபையில பேசிப் பாக்கேன்."

"பேசினா நடக்குமா?"

"பேசினா நடக்காது. ஆனா பேசாம ஆரம்பிக்க முடியாதுல்லா?"

மறுநாள் சபையில் ஆவுடையப்பன் எழுந்து கைகூப்பினார். "மகாராஜா, அடியேனுக்கு ஒரு சந்தேகம். ஓர் ஆணியைப் படகு என்று சொல்லிச் சுங்கம் வாங்கினால், அந்த ஆணியில் ஏறி அக்கரைக்குப் போகலாமா?"

சபையில் இரண்டு பேர் சிரித்துவிட்டு, மந்திரியின் முகத்தைப் பார்த்ததும் இருமுவது போல் நடித்தார்கள். மகாராஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆணி என்ற சொல்லே அவருக்கு ஆகவில்லை.

"ஆவுடையப்பரே, அந்த உத்தரவு நாம் இட்டது. அரசன் சொன்ன சொல்லை ஒரு பெட்டி ஆணிக்காக மாற்றிக்கொள்ள முடியுமா? அப்படி மாற்றினால் நாளைக்கு யார் நம்மை மதிப்பார்கள்?"

இதுதான் சமயம் என்று அகோரமூர்த்தி எழுந்தார். "மகாராஜா, விகடம் என்ற பெயரில் இவர் அரச கட்டளையையே கேலி செய்கிறார். உட்கார்ந்த இடத்தில் கேலி பேசுவது சுலபம். கட்டளைக்குள் நின்று ஒரு வேலையைச் செய்து காட்டட்டும். தங்கள் புதிய குளியல் மண்டபத்தில் கதவு மாட்ட வேண்டியிருக்கிறது. நிலை தயார், பலகை தயார். சனிக்கிழமைக்குள் அதில் கதவு போடும் பொறுப்பை இவரிடம் கொடுங்கள். ஒரு கதவுக்கான சுங்கம் கஜானாவிலிருந்து வழங்கப்படும். அதற்கு மேல் ஒரு காசு கிடையாது. குடுமிக் கதவும் கூடாது. செய்ய முடியாவிட்டால் இவர் இந்தச் சபையை விட்டே போய்விட வேண்டும்."

சூழ்ச்சி புரிகிறதா? ஒரு கதவு நிற்கக் குறைந்தது மூன்று கீல் வேண்டும். மூன்று கீல் என்றால் மூன்று கதவுக்கான சுங்கம். கொடுப்பதோ ஒன்றுக்கு. கனகசபை எந்த விலைக்கும் ஆவுடையப்பனுக்கு விற்க மாட்டான். ஒரே ஒரு கீலில் அத்தனை கனமான தேக்குப் பலகையைத் தொங்கவிட்டால், அது மகாராஜாவின் தலையில்தான் விழும்.

மகாராஜா மந்திரியையும் பார்த்தார், விகடரையும் பார்த்தார். "சரி. செய்தால் அவர் கேட்பதை நாம் கொடுப்போம். செய்யாவிட்டால் மந்திரி சொன்னபடி. ஆவுடையப்பரே, சம்மதமா?"

"சம்மதம், மகாராஜா. கட்டளைப்படியே நடப்பேன். ஒரு நூல் பிசக மாட்டேன்."

அன்று மாலையே ஆவுடையப்பன் சுங்கச்சாவடிக்குப் போனார். வேடிக்கை பார்க்க மந்திரியும் வந்து உட்கார்ந்திருந்தார். ஆவுடையப்பன் உலகம்மாளின் பெட்டியிலிருந்து ஒரே ஒரு கீலை எடுத்து, கஜானாவில் கொடுத்த காசைப் பக்கத்தில் வைத்தார்.

"மந்திரியாரே, இது என்ன?"

"கதவு" என்றார் அகோரமூர்த்தி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"நன்றாகப் பார்த்துச் சொல்லுங்கள். எனக்குக் கண் கொஞ்சம் மங்கல். கையகலம்தான் இருக்கிறது."

"கையகலமோ காலகலமோ, சட்டப்படி இது கதவு."

"பாதிக் கதவா, முழுக் கதவா?"

"முழுக் கதவுக்குத்தானே சுங்கம் வாங்குகிறேன்? முழுக் கதவு!"

"அப்படியானால் இது கதவு என்று அரச முத்திரை குத்திக் கொடுங்கள். நாளைக்கு மகாராஜா கேட்டால் நான் என்ன சொல்வேன்?"

மந்திரிக்கு ஒரே குஷி. இந்த ஆள் ஒரு கீலை வாங்கிக்கொண்டு தானே போய்க் குழியில் விழுகிறான் என்று நினைத்துக்கொண்டார். அரக்கை உருக்கி, கீலின் மேல் ஊற்றி, கதவுகளுக்குக் குத்துகிற முத்திரையைத் தன் கையாலேயே குத்திக் கொடுத்தார். ஆவுடையப்பன் அதைப் பட்டுத் துணியில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு, "பாரம் தாங்கவில்லையே, கதவு கனக்கிறதே" என்று முனகிக்கொண்டே கடைத்தெரு வழியாக நடந்து போனார்.

உலகம்மாள் பின்னாலேயே ஓடி வந்தாள். "என்ன அண்ணாச்சி இது? ஒத்தைக் கீலை வச்சி என்ன செய்யப் போறீக? உங்க பிழைப்பும் சேர்ந்துல்லா போகும்!"

"தாயி, இது கீல் இல்ல. சட்டத்தை மதிக்கணும்."

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்த மூக்குக்குக் கீழே எங்கேயோ ஒரு சிரிப்பு ஒளிந்திருந்ததைப் பார்த்தாள். கொஞ்சம் தெம்பு வந்தது.

சனிக்கிழமையும் வந்தது. அரண்மனையில் ஒரு வழக்கம் உண்டு. உச்சி முதல் உள்ளங்கால் வரை எண்ணெய் வைத்துக்கொண்டு ஊறுகிற நேரத்தில் மகாராஜா யார் கண்ணிலும் படக் கூடாது. சீயக்காய் தேய்த்துக் குளித்துப் பட்டாடை உடுத்திய பிறகுதான் அவர் மகாராஜா. அதற்கு முன்னால் அவரும் நம்மைப் போல ஒரு மனிதர், அவ்வளவுதான்.

புதிய மண்டபத்துக்கு இரண்டு வாசல். உள்வாசல் வழியாக மகாராஜா தூக்கக் கலக்கத்தோடு வந்து, முதுகை வெளிவாசலுக்குக் காட்டிக்கொண்டு மணையில் உட்கார்ந்தார். இடுப்பில் ஒற்றைத் துண்டு, கழுத்தில் கழற்ற மறந்த முத்துமாலை. தேய்க்கிறவர்கள் நல்லெண்ணெயைக் குடம் குடமாக ஊற்றித் தேய்த்துவிட்டுப் போனார்கள். மகாராஜா சுகமாகக் கண்ணை மூடினார்.

ஏதோ சொரசொரவென்று முழங்காலை நக்கியது. கண்ணைத் திறந்தால் ஒரு கன்றுக்குட்டி.

"யாரங்கே? இது எப்படி உள்ளே வந்தது?"

திரும்பிப் பார்த்தார். வெளிவாசலில் நிலை இருந்தது. நிலைக்கு அப்பால் முற்றம் முழுவதும் பளிச்சென்று தெரிந்தது. நிலையின் ஓரத்தில் ஒரு நூலில் முத்திரை குத்திய கீல் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் கைகட்டிப் பணிவாக நின்றார் ஆவுடையப்பன். பூக்கூடையோடு முற்றத்தில் வந்த பூக்காரி, "ஐயையோ மகாராஜா!" என்று அலறிக் கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். பஞ்சாங்கம் படிக்க வந்த ஜோசியர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் சூரியனைப் பார்த்தார். பக்கத்து நாட்டுத் தூதர் மரியாதை தெரிந்தவர். அந்த எண்ணெய் உருவத்துக்கே மூன்று முறை குனிந்து வணக்கம் சொன்னார்.

"கதவைச் சாத்து!" என்று கத்தினார் மகாராஜா.

ஆவுடையப்பன் கீலின் இரண்டு தகடுகளையும் ஒன்றாக மடக்கினார். "சாத்திவிட்டேன், மகாராஜா."

"சாத்து என்கிறேன்!"

"அழுத்திச் சாத்திவிட்டேன், மகாராஜா."

"கதவு எங்கே ஐயா?"

"இதோ, தங்கள் கண் முன்னால். கடல் தாண்டி வந்த கதவு. கிறீச் என்ற சத்தமே இல்லை, கேட்டுப் பாருங்கள்." கீலைத் திறந்து மூடித் திறந்து மூடிக் காட்டினார். உண்மையிலேயே சத்தம் இல்லை.

மகாராஜாவுக்கு வந்த கோபத்தில் எண்ணெய் கொதித்திருக்கும். கோபத்தோடு எழுந்தார். எண்ணெய் வழுக்கி மறுபடி மணையில் உட்கார்ந்தார். அதனால் கோபம் இரண்டு மடங்காயிற்று. "இது கதவா? விளையாடுகிறீரா? இன்றே இந்த நாட்டை விட்டு..."

"மகாராஜா, அவசரப்பட வேண்டாம். இது கதவு இல்லை என்றால் நான் தோற்றேன், இப்போதே போகிறேன். ஆனால் இதன் மேல் தங்கள் முத்திரை இருக்கிறது. முத்திரை குத்தியவரை ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்."

மந்திரிக்கு ஆள் போயிற்று. ஆவுடையப்பனை விரட்டும் காட்சியைக் காணக் காத்திருந்த அகோரமூர்த்தி ஓடோடி வந்தார். வந்தவர், மகாராஜா இருந்த கோலத்தைப் பார்த்து ஒரு கணம் திகைத்தார்.

"அகோரமூர்த்தி! இது என்ன?"

மந்திரி கீலைப் பார்த்தார், ஆவுடையப்பனைப் பார்த்தார், விஷயம் புரிந்தது. கதவு இல்லை என்று சொன்னால், இத்தனை நாளாகக் கதவு என்றும் படகு என்றும் வாங்கிய சுங்கம் அத்தனையும் பொய்யாகிவிடும். உலகம்மாளின் சரக்கு கைநழுவிப் போகும். ஊரெல்லாம் கையை நீட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்கும்.

"கதவுதான், மகாராஜா" என்றார்.

"நன்றாகத் தெரியுமா?"

"சந்தேகமே இல்லை. தங்கள் திருவாக்குப்படி இது கதவு. சற்றே சிறிய கதவு."

மகாராஜா விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். மந்திரியின் முத்திரை, தன்னுடைய வாக்கு, எதிரே தொங்குகிற கீல், முழங்காலை இன்னும் நக்கிக்கொண்டிருக்கிற கன்றுக்குட்டி. எண்ணெய் வேறு கண்ணில் இறங்கி எரிந்தது.

ஆவுடையப்பன் பணிவாக ஒரு படி முன்னே வந்தார். "மகாராஜா எண்ணெயோடு எவ்வளவு நேரம் காத்திருப்பது? அடியேனுக்கு ஒரு யோசனை. இந்தக் கதவு கொஞ்சம் சிறியது என்று மந்திரியாரே சொல்கிறார். கடைத்தெருக் கோடியில் இவருடைய மைத்துனர் கிட்டங்கியில் நல்ல பெரிய கதவு ஒன்று இருக்கிறது. அகலமும் இந்த நிலைக்குச் சரியாக இருக்கும். அதைக் கழற்றிக்கொண்டு வந்து இங்கே மாட்டிவிடுவோம். அதற்குப் பதிலாக இந்தக் கதவை அங்கே மாட்டிவிடுவோம். கதவுக்குக் கதவு. யாருக்கும் நஷ்டம் இல்லை. உள்ளே இருப்பதும் வெறும் தவிடுதானாம்."

"பேஷ்!" என்றார் மகாராஜா. "யாரங்கே! நான்கு பேர் ஓடுங்கள். கிட்டங்கிக் கதவைக் கழற்றிக்கொண்டு வாருங்கள்!"

சேவகர்கள் திரும்பினார்கள். அகோரமூர்த்தியின் முகத்தில் ஈயாடவில்லை. பட்டப்பகல், கடைத்தெரு, சனிக்கிழமைச் சந்தைக் கூட்டம் வேறு. அந்தக் கதவைக் கழற்றினால் கூரை முட்ட அடுக்கியிருப்பதெல்லாம் ஊர் கண்ணில் படுமே! மனிதருக்கு யோசிக்க நேரம் இல்லை. இரண்டு கையையும் விரித்துக்கொண்டு சேவகர்களின் குறுக்கே பாய்ந்தார்.

"வேண்டாம்! வேண்டாம் மகாராஜா! அது கதவு! இது வெறும் கீல்!"

சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்த ஜோசியர்கூட மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

"என்ன சொன்னீர்?" என்றார் மகாராஜா, மெதுவாக.

மந்திரி விரித்த கைகளைக் கீழே இறக்கினார். சொன்னதைத் திரும்ப விழுங்க வழி இல்லை.

"சுங்கம் வாங்கும்போது கதவு. மைத்துனர் வீட்டுக்கு வந்தால் கீல்" என்றார் ஆவுடையப்பன். "இப்படி ஒரு சாமானை நான் பார்த்ததே இல்லை, மகாராஜா. இதற்கு என்ன சுங்கம் போடலாம்?"

"அந்தக் கதவுக்கு ஏன் இவ்வளவு பதறுகிறீர், அகோரமூர்த்தி? ஓடுங்கள் சேவகர்களே, கழற்றுங்கள் அதை!"

கதவைக் கழற்றியபோது கனகசபை குறுக்கே படுத்துப் பார்த்தானாம், நடக்கவில்லை. முதல் மூட்டை சரிந்தது, அதன் பின்னால் இன்னொன்று சரிந்தது. கடைத்தெருவில் கொட்டிய ஆணிச் சத்தம் அரண்மனை வரைக்கும் கேட்டது. மாதக் கணக்கில் கயிற்றை அவிழ்த்து அவிழ்த்து விரல் தேய்ந்த ஜனங்கள் அதைப் பார்த்துப் பேசிய பேச்சை இங்கே சொல்ல முடியாது. சபையோர் இருக்கிற இடம்.

கதவு வந்து சேர்ந்தது. அதைப் பொருத்துவதற்குள் மகாராஜாவுக்கு விஷயம் முழுக்கத் தெரிந்துவிட்டது. தன் பாதித் தூக்கத்தை வைத்து ஊரையே மொட்டையடித்திருக்கிறார்கள் என்று புரிந்ததும், கன்றுக்குட்டியின் காதைத் தடவிக்கொடுத்தார்.

"தப்பு நம்முடையதும்தான், ஆவுடையப்பரே" என்றார். "நமக்குக் கேட்கச் சலிப்பாக இருந்தது. அதற்காக ஊரைச் சங்கடப்படுத்திவிட்டோம்."

"மகாராஜா சொன்னதில் பிழை இல்லை. கேட்டவர் காதில்தான் பிழை."

"முகஸ்துதி வேண்டாம். அந்தத் தூதர் போய் அவருடைய ராஜாவிடம் என்ன சொல்வார்?"

"இந்த நாட்டில் ஒளிவுமறைவே இல்லை என்று சொல்வார், மகாராஜா."

அவ்வளவுதான். மகாராஜாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. எண்ணெய் உடம்பு குலுங்கிற்று, மணை வழுக்கிற்று, சரிந்து தரையில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கதவைச் சாத்திவிட்டேனாம்! அழுத்திச் சாத்திவிட்டேனாம்!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தார். தூதரும் மரியாதையாகச் சிரித்தார்.

உத்தரவுகள் அங்கேயே பிறந்தன. ஆணியோ கீலோ கொக்கியோ எது வந்தாலும் தராசில் வைத்து எடை பார்த்து, இரும்புக்கு உண்டான சுங்கம் மட்டும் வாங்க வேண்டும். அதிகமாக வாங்கியதை எல்லாம் மந்திரியே தம் சொத்திலிருந்து திருப்பித் தர வேண்டும். கிட்டங்கியில் இருப்பதை ஊராருக்குப் பழைய விலைக்கே விற்க வேண்டும். எந்த வீட்டுக் கதவு இன்னும் கயிற்றில் தொங்குகிறதோ, அங்கெல்லாம் அகோரமூர்த்தியும் கனகசபையும் ஏணி தூக்கிக்கொண்டு போய்த் தங்கள் கையாலேயே கீல் அடித்துக் கொடுக்க வேண்டும். ஊரில் இருந்த பெண்கள் எல்லாம் அதை வெற்றிலை போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள்.

"ஆவுடையப்பரே, வென்றால் கேட்டதைத் தருவதாகச் சொன்னோம். பொன்னா, நிலமா? கேளும்."

"உலகம்மாள் என்று ஒருத்தி, மகாராஜா. அவளுடைய படகும் சரக்கும் சாவடியில் இருக்கின்றன. நாளைக்கு ஏலம் என்று பயந்து அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். முதலில் அதை அவிழ்த்து விடச் சொல்லுங்கள். பொன்னும் நிலமும் ஓடியா போகும்? அதை அப்புறம் கேட்கிறேன்."

மகாராஜா மறுபடி சிரித்தார். தம் கழுத்தில் இருந்த முத்துமாலையை எண்ணெயோடு எண்ணெயாகக் கழற்றி ஆவுடையப்பன் கழுத்தில் போட்டார். "சரக்குக்கு ஒன்றும் ஆகவில்லையே?"

"உப்புக்காற்று, மகாராஜா. துருப்பிடிக்க ஆரம்பித்துவிட்டது. எண்ணெய் தேய்த்தால் பிழைக்கும்."

மகாராஜா பக்கத்தில் இருந்த குடங்களைப் பார்த்தார். அவருடைய வாரக் குளியலுக்கென்று செக்கிலிருந்து அன்று காலைதான் வந்த நல்லெண்ணெய். அதில் ஒரு சொட்டுச் சிந்தினால்கூட முன்பெல்லாம் சத்தம் போடுகிறவர். "எடுத்துக்கொண்டு போங்கள், எல்லாவற்றையும்" என்றார். "நமக்குப் போதும்."

சாவடியில் படகின் ஓரமாக முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் உலகம்மாள். எண்ணெய்க் குடங்களோடு வருகிற சேவகர்களைப் பார்த்ததும், ஏலம் ஒரு நாள் முன்னாலேயே வந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். படகைக் கட்டியிருந்த சங்கிலியைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார்கள். ஆவுடையப்பன் பெட்டியைத் திறந்து ஒரு கீலை எண்ணெயில் தோய்த்துத் துணியால் அழுத்தித் துடைத்தார். செம்பட்டை போய், அடியிலிருந்து இரும்பு கறுப்பாக மின்னிற்று.

"பிழைச்சிட்டு தாயி."

உலகம்மாள் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"எங்கிட்டு அண்ணாச்சி போறீக? உக்காருங்க. நாலாயிரம் படகுக்கும் எண்ணெய் தேய்க்கணும்."

முத்துமாலை போட்ட ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். வீரகேது மகாராஜா சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனார். அந்த ஊரில் கதவுகள் சத்தமில்லாமல் திறந்து, சத்தமில்லாமல் மூடின. நீங்களும் நானும் அப்படியே சௌக்கியமாக இருப்போம்.